பிள்ளையின் படிப்பும் வீட்டுக் கடனும்



பிள்ளைக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்தால் தோட்டத்து வீட்டில் அன்று திருநாள்தான். கோயிலில் ஓர் அர்ச்சனை நடக்கும். அண்டை வீட்டாருக்கு இனிப்புப் போகும். ஆனால் இரவு எல்லாரும் படுத்த பிறகு, தாயும் தகப்பனும் மெல்லிய குரலில் வேறொரு பேச்சைத் தொடங்குவார்கள். "பணத்துக்கு என்ன செய்யறது?" என்பதே அந்தப் பேச்சு. அந்தக் கேள்விக்குத்தான் இன்று நாம் பதில் தேடப் போகிறோம்.

கடன் என்பது நமக்குப் புதிய சொல் அல்ல. நம் முன்னோரில் பலர் இந்த நாட்டில் காலடி வைத்தபோதே கடனாளிகளாகத்தான் வைத்தார்கள். ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் தங்கள் கப்பல் செலவை உழைத்துக் கழிக்க வேண்டியிருந்தது. இந்தியாவிலிருந்து அப்படி ஆள் சேர்ப்பது 1910-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஆனால் அதற்குப் பின்னும் கடைப் பற்று நம்மை விடவில்லை. சம்பள நாளன்று பழைய பாக்கியைக் கட்டிவிட்டு, மறுநாளே புதுப் பற்று எழுதும் வழக்கத்தை நம்மில் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம். அதனால்தான் கடன் என்று சொன்னவுடன் நமக்கு ஒரு பக்கம் அச்சம், மறுபக்கம் வெட்கம். அச்சத்தைவிட இந்த வெட்கமே அதிகக் கேடு செய்கிறது.

எப்படி என்று பார்ப்போம். விடுதியில் இருக்கும் மகன் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுகிறான். "பணம் இருக்கும்மா, அனுப்ப வேணாம்" என்கிறான். உண்மையில் அவன் இரண்டு நாளாக மாலையில் ரொட்டியும் தேநீரும் மட்டுமே சாப்பிட்டு வருகிறான். நண்பனிடம் வாங்கிய கடனும் இருக்கிறது. இந்தப் பக்கம் தாய், "எங்களுக்கு ஒரு குறையும் இல்லப்பா, நீ நல்லாப் படி" என்கிறார். உண்மையில் அவர் தாலிக்கொடியை அடகுக் கடையில் வைத்திருக்கிறார். இருவரும் பொய் சொல்வது அன்பினால்தான். ஆனால் வட்டிக்கு அன்பு தெரியாது. கணக்கில் எழுதப்பட்ட கடன் மெல்ல மெல்லக் குறையும். மறைத்து வைத்த கடனோ வளர்ந்துகொண்டே போகும். இன்றைய பேச்சில் நாம் சொல்ல விரும்பும் முதன்மையான கருத்து இதுதான்.

முதலில், எல்லாக் கடனும் ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொள்வோம். கடனுக்கும் விலை உண்டு. அரிசிக்கு விலை கேட்கிறோம், மீனுக்கு விலை கேட்கிறோம். கடனுக்கு மட்டும் விலை கேட்க மறந்துவிடுகிறோம்.

ஆயிரம் வெள்ளியை ஓர் ஆண்டுக்குக் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். தேசிய உயர்கல்வி நிதிக் கழகம், அதாவது நாம் பேச்சில் பி.டி.பி.டி.என். என்று சொல்லும் நிறுவனம், ஆண்டுக்கு 1 விழுக்காடு கட்டணம் பெறுகிறது. ஆயிரத்துக்கு அது 10 வெள்ளி. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் ஈடு இல்லாமல் கொடுக்கும் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. ஈடு இருந்தால் 12 விழுக்காட்டுக்கு மேல் கூடாது. ஈடில்லாத கடனில் அது ஆயிரத்துக்கு 180 வெள்ளி. அடகுக் கடையில் மாதம் 2 விழுக்காடு வரை வட்டி. ஒரு மாதத்துக்கு 20 வெள்ளிதானே என்று தோன்றும். ஓர் ஆண்டுக்கு அது 240 வெள்ளி. உரிமம் இல்லாத வட்டி முதலையிடம், அதாவது ஆலோங் என்பவரிடம், வாரத்துக்கு 10 விழுக்காடு என்று வாங்கினால் வாரம் 100 வெள்ளி. ஓர் ஆண்டில் வட்டி மட்டும் 5,200 வெள்ளி! அப்போதும் வாங்கிய ஆயிரம் அப்படியே நிற்கும்.

பத்து வெள்ளி எங்கே, ஐயாயிரம் வெள்ளி எங்கே? படிப்புக்காகக் கடன் வாங்குவது தவறல்ல. மலிவான கடனை வாங்க வேண்டிய இடத்தில் விலை கூடிய கடனை வாங்குவதுதான் குடும்பத்தைச் சாய்க்கிறது.

அப்படியானால் ஏன் நம் மக்கள் விலை கூடிய கடனிடம் போகிறார்கள்? பெரும்பாலும் முதல் இரண்டு மாதங்களில் ஏற்படும் இடைவெளியால்தான். பிள்ளை கல்விக்கூடத்தில் பதிந்துகொள்ளும் நாளில் கட்டணம் கேட்பார்கள். விடுதி முன்பணம், மெத்தை, தலையணை, புத்தகம், பேருந்துச் செலவு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். கல்விக் கடனோ விண்ணப்பித்து, ஒப்பந்தம் எழுதி, அது சரிபார்க்கப்பட்ட பிறகே கைக்கு வரும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். இந்தச் சில வாரங்களைத் தாண்டத்தான் பலர் அவசரப்பட்டுக் கிடைத்த இடத்தில் கையை நீட்டுகிறார்கள்.

இந்த இடைவெளி வரப்போகிறது என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்த மழைக்கு முன்பே கூரையை வேயலாம் அல்லவா? பிள்ளை நான்காம் படிவத்தில் காலடி வைக்கும் மாதத்திலிருந்து மாதம் 50 வெள்ளி ஒதுக்குங்கள். ஐந்தாம் படிவம் முடியும்போது 24 மாதங்களில் 1,200 வெள்ளி சேர்ந்திருக்கும். 2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போய்விடும். மீதியில் 50 வெள்ளி ஒதுக்குவது எளிதல்ல, அதை நாம் அறிவோம். ஆனால் ஆலோங்கிடம் ஒரு வாரத்துக்குக் கட்டும் வட்டி அதைப்போல் இரண்டு மடங்கு.

சேமிக்க முடியாமல் போன குடும்பங்களுக்கும் வழி உண்டு. பொது உயர்கல்விக்கூடங்களில் இடம் கிடைத்த, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கடனில் ஒரு பகுதியை முன்பணமாகத் தரும் ஏற்பாடு பி.டி.பி.டி.என். நிறுவனத்தில் உண்டு. இடம் கிடைத்த உடனே அதை விசாரியுங்கள். ஊழியர் சேமநிதியிலும் பிள்ளையின் மேற்படிப்புக்குப் பணம் எடுக்க இடம் உண்டு. 2024-ஆம் ஆண்டு மே மாதம் முதல் சேமநிதிக் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கல்விக்கான பணத்தைச் செஜாத்ரா என்ற கணக்கிலிருந்து எடுக்க வேண்டும். ஆனால் அது உங்கள் முதுமைக்கான சோறு என்பதை மறக்க வேண்டாம். தேவையான அளவுக்கு மேல் ஒரு காசும் எடுக்காதீர்கள்.

அடுத்து, நீங்கள் உறுப்பினராக இருக்கும் தொழிற்சங்கத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டா என்று கேளுங்கள். உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்று பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. அந்தப் பணம் நம் போன்ற பிள்ளைகளுக்காகவே ஒதுக்கப்பட்டது.

இந்த இடத்தில் கூட்டுப் பணம் பற்றியும் ஒரு வார்த்தை. "கூட்டு எடுத்துக் கட்டிவிடலாம்" என்று சிலர் நினைப்பதுண்டு. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்யக் கூடாது என்று 1971-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. நடத்துபவர் பணத்தோடு காணாமல் போனால் பிள்ளையின் கட்டணமும் சேர்ந்து போகும்.

இனி, கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளைப் பார்ப்போம். சில தனியார் கல்லூரிகளின் முகவர்கள் வீடு தேடி வருவார்கள். "ஒரு காசு செலவில்லை, எல்லாம் கடனில் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். செலவில்லை என்பது உண்மையல்ல. செலவு பின்னால் வருகிறது, அவ்வளவுதான். கட்டப் போவது முகவர் அல்ல, உங்கள் பிள்ளை.

ஆகவே நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்தப் படிப்புக்கு மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனத்தின் அங்கீகாரம் உண்டா? படிப்பு முடியும்வரை மொத்தக் கட்டணம் எவ்வளவு? அதில் கடன் எவ்வளவு தரும், மீதியை யார் கட்டுவது? இதைப் படித்தவர்களுக்கு எங்கே வேலை கிடைக்கிறது? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் கிடைக்கும்வரை பேனாவைத் தொடாதீர்கள். எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், பாலிடெக்னிக் போன்ற அரசாங்க வழிகளில் செலவு மிகக் குறைவு. அந்தக் கதவுகளைத் தட்டிப் பார்த்த பிறகு தனியார் கதவுக்குப் போவோம்.

இப்போது மாணவத் தம்பி தங்கைகளிடம் சற்றுப் பேசுவோம்.

கல்விக் கடன் மாதச் சம்பளம்போல் வராது. ஒரு பருவத்துக்கு ஒரு முறை மொத்தமாக வரும். கணக்கில் அவ்வளவு பெரிய தொகையை நீங்கள் அதற்குமுன் கண்டிருக்க மாட்டீர்கள். அங்கேதான் கால் இடறுகிறது. கட்டணம் போக 2,400 வெள்ளி மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பணம் ஆறு மாதம் கழித்து வரும். மாதம் 400 வெள்ளி, ஒரு நாளைக்கு 13 வெள்ளிக்குச் சற்றுக் கூட. உங்கள் உண்மையான வருமானம் 2,400 அல்ல, நாளுக்கு 13 வெள்ளிதான். இதை ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டி வையுங்கள்.

பணம் வந்த அன்றே ஒரு மாதச் செலவை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு, மீதியைக் கைக்கு எளிதில் எட்டாத வேறொரு சேமிப்புக் கணக்கில் போடுங்கள். புதுக் கைப்பேசியும் மோட்டார் சைக்கிளும் தவணையில் கிடைக்கும். சட்டைகூட இன்று கைப்பேசி வழியாகத் தவணையில் கிடைக்கிறது. ஒவ்வொரு தவணையும் சிறிதாகத்தான் தெரியும். நான்கு சிறு தவணைகள் சேர்ந்தால் அந்த 13 வெள்ளியில் பாதி போய்விடும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்காகத்தான்.

பணம் தீர்ந்துபோனால் என்ன செய்வது? வகுப்புக்குப் போகாமல் வேலைக்குப் போவது முதல் வழியல்ல. படிப்பை நிறுத்திவிடுவதும் வழியல்ல. படிப்பை நிறுத்தினாலும் வாங்கிய கடன் நிற்காது. பட்டமும் இல்லாமல் கடனும் மிஞ்சும். பல்கலைக்கழகங்களில் மாணவர் நலனைக் கவனிக்கும் பிரிவு இருக்கிறது. அங்கே போய் உள்ள நிலையைச் சொல்லுங்கள். கட்டணத்தைத் தவணையில் கட்ட அனுமதி கேட்கலாம். அவசர உதவி நிதி இருக்கிறதா என்று கேட்கலாம். விடுமுறையில் பகுதிநேர வேலை செய்யலாம். அதோடு, அன்றே வீட்டுக்கும் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் செய்யாதீர்கள். "உன் வங்கி அட்டையைக் கொடு, மாதம் இத்தனை வெள்ளி தருகிறேன்" என்று எவராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். மோசடிக்காரர்கள் ஏமாற்றிய பணத்தை அந்தக் கணக்கின் வழியாகத்தான் கடத்துகிறார்கள். போலீஸ் தேடி வரும்போது அங்கே இருப்பது உங்கள் பெயர். சில நூறு வெள்ளிக்காக நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தால், பெற்ற பட்டத்தால் என்ன பயன்? அதேபோல், "முன்பணம் கட்டுங்கள், உடனே கடன் தருகிறோம்" என்ற விளம்பரங்களும் ஏமாற்றுதான். கடன் கொடுப்பவன் நம்மிடம் முதலில் பணம் கேட்பானா? ஏமாந்து பணத்தை அனுப்பிவிட்டால் காலம் கடத்தாமல் 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள். 2022-ஆம் ஆண்டில் இதற்காகவே தேசிய மையம் ஒன்று அமைக்கப்பட்டது. உடனே சொன்னால்தான் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

பெற்றோர்களே, நீங்கள் யாரிடமாவது வட்டிக்கு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வீடமைப்பு ஊராட்சி அமைச்சின் உரிமம் அவரிடம் இருக்கிறதா என்று பாருங்கள். உரிமம் உள்ளவர் ஒப்பந்தம் எழுதியாக வேண்டும். பணத்தைக் கொடுக்கும் முன் அதன் நகலை உங்களிடம் தர வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பவர், வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் கேட்பவர், ஆயிரம் என்று எழுதிவிட்டு எண்ணூறு கொடுப்பவர், இவர்கள் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். உரிமம் இல்லாமல் வட்டித் தொழில் செய்வது குற்றம். ஏற்கெனவே சிக்கிக்கொண்டு மிரட்டலுக்கு ஆளானவர்கள் போலீசில் புகார் செய்யத் தயங்க வேண்டாம். ஓர் ஆலோங்கின் கடனை அடைக்க இன்னோர் ஆலோங்கிடம் போவது, நெருப்பை எண்ணெய் ஊற்றி அணைப்பது போன்றது.

அடகுக் கடைக்குப் போனவர்களுக்கும் ஒரு சொல். அடகு வைத்த பொருளை மீட்க ஆறு மாதத் தவணை உண்டு. இரசீதில் உள்ள நாளைப் பிள்ளையிடம் காட்டி, நாட்காட்டியில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். நாள் தெரியாமல் மூழ்கிப்போன நகைகள் நம் வீடுகளில் கொஞ்சமல்ல.

பிணைக் கையெழுத்துப் போட்டவர்கள் பலர் அஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். அக்கா மகனின் படிப்புக்குக் கையெழுத்துப் போட்ட மாமா, தான் திவாலாகிவிடுவோமோ என்று தூக்கமின்றித் தவிக்கிறார். 2017-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, இலாப நோக்கமின்றிக் கல்விக் கடனுக்குப் பிணை நின்றவரைத் திவாலாக்க முடியாது. கடன் வாங்கியவரைத் திவாலாக்கும் வழக்குக்கும் கடன் தொகை குறைந்தது 100,000 வெள்ளியாக இருக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டில் உயர்த்தப்பட்டது. ஆனால் பிணை நின்றவருக்குப் பொறுப்பே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பணத்தைக் கேட்டு அவர்மேல் வழக்குப் போடச் சட்டம் இன்னும் இடம் தருகிறது. கடன் வாங்கியவர் கட்டாமல் விட்டால் அவமானப்படுவது நம்மை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்தான். அந்த மாமாவின் முகத்தை நினைத்தாவது தவணையைத் தவறாமல் கட்ட வேண்டும்.

படிப்பு முடிந்த பிறகு கடனைத் திருப்பிக் கட்டும் காலம் வருகிறது. 20,000 வெள்ளிக் கடனைப் பத்து ஆண்டுகளில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1 விழுக்காடு என்றால் 200 வெள்ளி. பத்து ஆண்டுக்கு 2,000. ஆக மொத்தம் 22,000 வெள்ளி. மாதத்துக்கு ஏறக்குறைய 183 வெள்ளி. வேலை கிடைத்த இளைஞர் ஒருவர் சுமக்க முடியாத பாரம் அல்ல இது. முதல் சம்பளத்திலேயே கட்டத் தொடங்கினால் அது பழகிவிடும். புதுக் கார் வாங்கிய பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் என்றைக்கும் கட்ட முடியாது.

வேலை கிடைக்கவில்லையா? சம்பளம் போதவில்லையா? வந்த கடிதங்களைப் பிரிக்காமல் அலமாரியில் வைப்பதால் கடன் போய்விடாது. பி.டி.பி.டி.என். அலுவலகத்துக்குச் சென்று தவணையை மாற்றி அமைக்கவும், சிறிது காலம் ஒத்தி வைக்கவும் விண்ணப்பம் செய்யலாம். தேர்வில் முதல் வகுப்புப் பெறுவோருக்குக் கடனிலிருந்து விலக்குத் தரும் திட்டமும் உண்டு. அதன் நிபந்தனைகள் அவ்வப்போது மாறி வந்திருப்பதால், படிக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பல இடங்களில் கடன் சேர்ந்து மூச்சு முட்டுகிறவர்கள் ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிர்வாக நிறுவனத்தை நாடலாம். இதை 2006-ஆம் ஆண்டில் பேங்க் நெகாரா அமைத்தது. அங்கே ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. உங்கள் வரவு செலவைப் பார்த்து, வங்கிகளோடு பேசி, கட்டக்கூடிய தவணையாக மாற்ற அவர்கள் உதவுகிறார்கள்.

நேயர்களே, இவ்வளவு சட்டங்களும் அலுவலகங்களும் இருந்தும், ஒரு வேலையை மட்டும் நாமேதான் செய்ய வேண்டும். வீட்டில் ஒரு கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும். கடைப் பற்றுக் காலத்தில் புத்தகம் கடைக்காரரிடம் இருந்தது. எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கட்டினோம் என்பதை அவர் சொல்லித்தான் நாம் அறிந்தோம். கணக்கு யார் கையில் இருக்கிறதோ, அதிகாரமும் அவர் கையில்தான் இருக்கும். இன்று அந்தப் புத்தகம் நம் வீட்டில் இருக்கட்டும். மாதம் ஒரு முறை, சம்பளம் வாங்கிய ஞாயிற்றுக்கிழமையில், குடும்பம் முழுவதும் அதைச் சுற்றி உட்காரட்டும். வெளியூரில் படிக்கும் பிள்ளை தொலைபேசியில் கலந்துகொள்ளட்டும். வீட்டுக் கடன் எவ்வளவு என்று தாய் தகப்பன் மறைக்காமல் சொல்லட்டும். தன் கடன் எவ்வளவு என்று பிள்ளையும் மறைக்காமல் சொல்லட்டும். அந்த நேரத்தில் யாரும் யாரையும் ஏசக் கூடாது. ஒருமுறை ஏசினால் அடுத்த மாதம் உண்மை வராது.

நம்மால் முடியுமா என்று ஐயப்பட வேண்டாம். 1960-ஆம் ஆண்டில், தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் வீடும் வேலையும் இழந்து தவித்த நேரத்தில், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டிய கைகள் தங்கள் சம்பளத்தில் சிறு தொகையைத் தவணையாகக் கட்டிப் பங்கு சேர்த்தன. அந்தச் சிறு தவணைகள் சேர்ந்து தோட்டங்களையே விலைக்கு வாங்கின. அவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்லர். கட்ட வேண்டிய நாளில் கட்டியவர்கள், கட்டியதைக் கணக்கில் பார்த்தவர்கள், அவ்வளவுதான். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும்தான் இன்று பல்கலைக்கழக வாசலில் நிற்கிறார்கள்.

ஆகவே, இந்த மாதச் சம்பளத்தில் இரண்டு வெள்ளி செலவழித்து ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். முதல் பக்கத்தில் இன்றுவரை உள்ள கடன் எல்லாவற்றையும், யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள். பிறகு வட்டி கூடியதை முதலில் அடைக்க வழி தேடுங்கள். அதைச் செய்யும் வீட்டில் பணக் குறைவு இருக்கலாம். ஆனால் பணத்துக்காக ஒரு பிள்ளையின் படிப்பு பாதியில் நிற்கும் நிலை வராமல் காக்க முடியும்.